தேங்காய்க்குள் அகங்காரம் இல்லை

தேங்காய்க்குள் என்ன இருக்கிறது என்று இப்போது தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும், பருப்பும் தண்ணீரும் இருக்கின்றன என்று சொல்ல மாட்டார்கள். அகங்காரம் இருக்கிறது என்பார்கள். மேல் நார் ஆசாபாசமாம்; ஓடு ஆணவமாம்; உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஆத்மாவாம். தண்ணீரை மட்டும் மறந்துவிட்டார்களோ என்று பார்த்தால், அதற்கும் ஒன்று தயாராக வைத்திருக்கிறார்கள். அது பேரானந்தமாம்!

தினசரிக் காலண்டரின் தாளில் இது வருகிறது. காலை வேளையில் தொலைக்காட்சியில் சிரித்த முகமுள்ள கனவான்கள் இதைச் சொல்கிறார்கள். கோயில் வாசல்களில் இனாமாகக் கொடுக்கும் சிறு புத்தகங்களில் இதையே அச்சடித்துக் கையில் திணிக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு புத்தகம் பழவேற்காடு ஏரிக்கரையில், ஒரு மீனவர் குப்பத்து அம்மன் கோயிலில் கிடைத்தது. கோயில் புதிது. அதாவது, அம்மன் பழையவள், கட்டடம் புதிது. பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர் திருப்பணி செய்து, கோபுரம் எழுப்பி, அர்ச்சகர் வைத்து, புத்தகமும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மணி, கற்பூரம், ஊதுவத்தி, வாழைப்பழம், வெற்றிலை, விளக்கு, திரி, எண்ணெய் என்று பூஜைச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒரு தத்துவம்.

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. புத்தகங்கள் அடுக்கியிருந்த மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அசைவம் உண்டவர்களும் மீன் கூடை கொண்டுவருகிறவர்களும் ஆலயத்துக்குள் பிரவேசிக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. மீனவர் குப்பத்தில்! வயலுக்கு நடுவே கோயிலைக் கட்டி, காலில் சேறுள்ளவன் உள்ளே வராதே என்று எழுதி வைத்த மாதிரி!

பலகை வேறு, புத்தகம் வேறு என்று நல்லவர்கள் சமாதானம் சொல்வார்கள். பலகையில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கலாம், புத்தகத்தில் ஆன்மிகம் இருக்கிறதே என்பார்கள். இரண்டும் ஒன்றே என்பது என் கட்சி. பூஜைப் பொருளைச் சங்கேத மொழியாக மாற்றுகிறவர்தான், அந்தச் சங்கேதம் தெரியாதவளை வாசலில் நிறுத்துகிறார்.

முதலில் இந்தச் சங்கேதங்களின் யோக்கியதையைப் பார்ப்போம். வாழைப்பழத்துக்கு விதை கிடையாது, ஆகவே அதைப் படைத்தால் மறுபிறவி கிடையாது என்கிறது புத்தகம். எழுதியவர் வாழை மரத்தைப் பார்த்ததுண்டோ என்னவோ! ஒரு மரம் சாய்வதற்குள் பக்கத்தில் நாலு கன்று தலைநீட்டுகிற ஜாதி அது. வம்சம் அறாமல் தழைப்பதற்கு வாழையடி வாழை என்று சொல்கிற பாஷை நம்முடையது. கல்யாண வாசலில் வாழை கட்டுவது மணமக்களுக்கு மறுபிறவி அற்றுப்போகவா?

கற்பூரம் மிச்சம் வைக்காமல் எரிந்து போகிறது, அப்படியே ஜீவன் பரமாத்மாவில் கரைந்து போகிறது என்கிறார்கள். கற்பூரம் மிச்சம் வைக்காதென்று எந்தக் கோயில் அர்ச்சகரும் சொல்ல மாட்டார். கருவறைச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அந்தக் கரிக்குப் பயந்து பல கோயில்களில் உள்ளே நெய் விளக்குக்கு மாறிவிட்டார்கள். மேலும், கற்பூர மரம் இந்த மண்ணின் சரக்கே அல்ல. சீனத்திலும் ஜப்பானிலும் தைவானிலும் விளைந்தது. இன்னொரு ஜாதி சுமத்ரா, போர்னியோக் காடுகளிலிருந்து கப்பலேறி வந்தது. இன்று நாம் வாங்கும் வில்லை பெரும்பாலும் பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் காய்ச்சியது. அதில் குற்றமொன்றுமில்லை. தூரதேசத்து வாசனைப் பண்டம் கிடைத்தால் அதை வீட்டுக்குப் பெரியவருக்கு வைப்பது மனித சுபாவம். அதுதான் விஷயம், அதற்கு மேல் அதில் அத்வைதத்தை ஏற்றினால் கற்பூரம் தாங்காது.

மணிக்கு ஓங்காரம் என்று அர்த்தம் போட்டிருக்கிறது. பூஜை செய்கிற வைதிகர்கள் மணியை அடிக்கும்போது சொல்லுகிற சுலோகத்தின் பொருள் என்ன தெரியுமோ? தேவர்கள் வரட்டும், ராட்சதர்கள் போகட்டும் என்பதுதான். ராஜா வருகிறார், வழிவிடு என்கிற கட்டியக்காரன் வேலை! எவ்வளவு நேரான, எவ்வளவு அழகான காரியம்! இதைக் கெடுத்துவிட்டு ஓங்காரம் என்கிறார்கள்.

இவர்களுக்கு ஒரு சகோதர ஜாதி உண்டு. அவர்கள் தத்துவம் பேசுவதில்லை, விஞ்ஞானம் பேசுகிறார்கள். மணியோசை மூளையின் இரண்டு பாதியையும் சேர்க்கிறதாம். கற்பூரப் புகை கிருமியைக் கொல்கிறதாம். (பூஜைக் கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்ட குழந்தைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதைப் புத்தகத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.) செம்புப் பாத்திரத்துத் தண்ணீரில் சில கிருமிகள் செத்துப்போகின்றன என்பது உண்மை. இருக்கட்டும், அதற்காகவா நம் பாட்டி செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டாள்? வீட்டில் இருந்ததிலேயே நல்ல சொம்பு அது என்பதனால் வைத்தாள்.

இந்த ‘நல்ல சொம்பு’தான் பூஜையின் சூட்சுமம். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். பூஜையின் பதினாறு உபசாரங்களை எடுத்து வரிசையாகப் படித்தால் போதும். வரவழைப்பது ஆவாஹனம். உட்கார இடம் கொடுப்பது ஆசனம். கால் கழுவத் தண்ணீர், பாத்தியம். கைக்குத் தண்ணீர், அர்க்கியம். குடிக்க, ஆசமனம். பிறகு குளிக்க, உடுத்த, பூச, சூட, வாசனைக்குப் புகை, வெளிச்சத்துக்கு விளக்கு, பிறகு சாப்பாடு, சாப்பிட்டால் வெற்றிலை பாக்கு, கடைசியில் கும்பிட்டு விடை. இதில் எங்கே ஐயா தத்துவம்? வெயிலில் நடந்து வந்த ஒரு விருந்தாளிக்கு ஒரு நல்ல குடும்பம் செய்கிற காரியங்கள் இவை. அந்தக் காலத்து வீடு ஒன்றின் நடைமுறையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது மனிதன் மறக்காமல் செய்ய வேண்டும் என்று. தெய்வம் இந்த வழிபாட்டில் ஓர் உருவகமே அல்ல. வீட்டுக்கு வந்த ஆள். வந்த ஆளின் எதிரே உட்கார்ந்துகொண்டு, ‘இந்தத் தண்ணீர் உண்மையில் தண்ணீரல்ல, இது வாசனா க்ஷயம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் தாகத்தால் எழுந்து போய்விடுவார்.

இப்போது குப்பத்துக்கு வருவோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி வழியாக. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் போகிறது, இங்கிருந்து வள்ளம் போகிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா என்று கோட்டை கட்டி, துணியும் அடிமைகளும் ஏற்றினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைகள் இருக்கின்றன, வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியபடி. பொருளுக்குத் தத்துவம் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். செத்தவர்களுக்கு அது பொருத்தம்தான்.

உயிரோடு இருக்கிறவர்களின் வழிபாடு வேறு மாதிரி. இந்த ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை வைப்பது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற இந்துக் குப்பங்களோடு நடுவூர் மாதாகுப்பம் என்ற கிறிஸ்தவக் குப்பமும் இந்தக் கணக்கில் உண்டு. அம்மனைக் கும்பிடுகிறவனும் மாதாவைக் கும்பிடுகிறவனும் ஒரே தண்ணீரில் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். இந்த நியாயத்தை நான் புகழ்ந்து தள்ளத் தயாராக இல்லை. பாட்டில் பெயரில்லாதவனுக்கு அதில் இடமில்லை. பறியைக் கட்டிக்கொண்டு, சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்ணுக்கு அதில் இடமேயில்லை. ஆனால் காலையில் தண்ணீரில் இறங்குகிறவன், முறைக்காரனானாலும் முறையில்லாதவனானாலும், குனிந்து ஒரு கை தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். படகின் அணியத்தில் மஞ்சளைப் பூசிக் குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, கற்பூரத்தைக் கொளுத்தி விழுந்து கும்பிடுகிறான். நித்திய பூஜை என்றால் இதைவிட நித்தியமான பூஜை எது?

அந்தக் கோயில் வாசலில் ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, கூடையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, அங்கிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஏன் ஆயா, உள்ளே போகலையா?” என்றேன்.

“ஒடம்பெல்லாம் கவுச்சி, தம்பி. குளிச்சிட்டு வரணுமாம். நான் போயிக் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள நடைய சாத்திடுவாரு.”

“முன்னே எப்படி?”

“முன்ன ஏது தம்பி நடை? கூரைதான். ஏலம் முடிஞ்சு வர்ற வழியில, கூடையோடவே ஒக்காந்து ஆத்தாகிட்ட பேசிட்டுப் போவேன்.”

இவள் சொன்னதில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன் உடம்பின் வாடை தெய்வத்துக்கு ஆகாது என்று அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய புருஷனையும் பிள்ளைகளையும் அந்தக் குப்பத்தையும் காப்பாற்றிய வாடை அது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நாடே கொதித்தது, முதலமைச்சர் கண்டித்தார், மூன்று ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கினால் சஸ்பெண்ட். கோயிலிலிருந்து இறக்கினால் அது ஆசாரமா?

சரி, ஆசாரத்தையே எடுத்துக்கொள்வோம். உயிரை வதைத்த பொருள் சந்நிதிக்கு ஆகாது என்பதுதானே வாதம்? உள்ளே சங்கு இருக்கிறதே, அது என்ன? கடலில் ஊர்ந்த ஒரு நத்தையின் ஓடு. அதன் சதையைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் அதில் தீர்த்தம் நிரப்புகிறோம். கார்த்திகைச் சோமவாரத்தில் 1008 சங்கு வைத்து அபிஷேகம் செய்கிற கோயில்களில் எத்தனை நத்தைகளின் வீடு அடுக்கியிருக்கிறதென்று எண்ணிக்கொள்ளுங்கள். அம்மனுக்குச் சாத்தும் பட்டு, கூட்டோடு வெந்நீரில் போட்ட புழுக்களின் நூல். புனுகு ஒரு பூனையின் சுரப்பி. கஸ்தூரி ஒரு மானின் சுரப்பி. கோரோசனை மாட்டின் பித்தத்தில் விளைந்த கல். மிருதங்கத்துக்குத் தோல் மரத்தில் காய்ப்பதில்லை. இவ்வளவும் உள்ளே போகலாம். கிழங்கான் மீனின் செதில் ஒட்டிய கை மட்டும் போகக் கூடாது!

சுண்ணாம்பைப் பாருங்கள். இந்தப் பழவேற்காட்டு ஏரியின் அடியில் காலகாலமாகச் செத்த கிளிஞ்சல்கள் படிந்து கிடக்கின்றன. அதை வாரிச் சுட்டுத்தான் சுண்ணாம்பாக்கினார்கள். அந்தச் சுண்ணாம்பு வெற்றிலையில் ஏறித் தாம்பூலம் ஆகிறது. மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை விழுந்தால் இரத்தச் சிவப்பாய் ஆரத்தி ஆகிறது. குங்குமத்தின் சிவப்புக்கும் மஞ்சளோடு சுண்ணாம்பு சேருகிற ரசாயனமே ஆதி. ஏரியின் பிணங்கள் இல்லாமல் மங்கலமே இல்லை என்றால் கசக்கிறதா? எனக்குக் கசக்கவில்லை. பெண் நெற்றியில் இருப்பது ஏரியின் அடியிலிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

நம்முடைய பழைய இலக்கியம் இதற்கெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டதில்லை. நற்றிணையில் பரதவர் வீட்டு விளக்கு எரிகிறது: அகல் கிளிஞ்சல், எண்ணெய் மீன் கொழுப்பு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், சினைகொண்ட சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபடுகிறார்கள்; பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல் உண்டு குடித்து விளையாடுகிறார்கள். கரிகாலன் காலத்துக் குப்பத்தில் மீனே பூஜைப் பொருள், ஐயா! அதற்குத் தத்துவம் சொல்ல ஒரு புலவரும் அங்கே மெனக்கெடவில்லை. வைத்தார்கள், கும்பிட்டார்கள் என்று எழுதிவிட்டு மேலே போனார்.

அது சங்க காலம், ஆகமம் வராத காலம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே, அவர்களே தலையில் வைத்துக் கொண்டாடும் பெரிய புராணத்துக்குப் போகிறேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் அதிபத்தர் என்று ஒரு மீனவர். வலையில் விழுந்த மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவது அவருடைய நித்திய பூஜை. அதற்கு மந்திரம் கிடையாது, நைவேத்தியத் தட்டு கிடையாது. நாள் முழுக்க வலை வீசி ஒரே மீன் அகப்பட்ட பஞ்ச காலத்திலும் அந்த ஒன்றை விட்டார். குடும்பம் பட்டினி கிடந்தது. பிறகு பொன் மீன் வந்தபோது அதையும் விட்டார். அறுபத்துமூவரில் ஒருவராகச் சிவன் கோயில் பிரகாரங்களில் அவர் நிற்கிறார். ஆவணி ஆயில்யத்தில் நாகையில் இன்றும் பொன் மீனைக் கடலில் விட்டு விழா எடுக்கிறார்கள். அந்த அதிபத்தர் இன்று பழவேற்காட்டுக்கு வந்தால் பலகையைப் படித்துவிட்டுத் தெருவில்தான் நிற்க வேண்டும்.

இன்னொருவர் பழவேற்காட்டுக்கு அண்டைவீட்டுக்காரர். கண்ணப்பர். காளத்தியில் அவர் வாயில் முகந்து கொண்டுவந்து அபிஷேகம் செய்த பொன்முகலி ஆறு, இந்த ஏரியின் வடகோடிப் பக்கத்தில் வந்துதான் கடலைத் தொடுகிறது. அந்தக் கதையில் நம் புத்தகக்காரருக்கும் ஒரு பாத்திரம் உண்டு: சிவகோசரியார். மிக நல்ல மனிதர், படித்தவர், ஆசாரசீலர். லிங்கத்தின் மேல் மாமிசம் கிடந்ததைப் பார்த்துப் பதறி, கழுவி, சுத்தி செய்து, முறைப்படி பூஜை செய்துவிட்டுப் போகிறார். மறுநாளும் மாமிசம். பிறகு ஓர் இரவு சிவன் கனவில் வந்து, வேடனுடைய செருப்புக் காலும் வாய்த் தண்ணீரும் எச்சில் இறைச்சியும் எனக்கு இனியவை என்று சொல்கிறார். சேக்கிழார் குலோத்துங்கன் சபையில் இருந்தவர், ராஜாங்க காரியம் பார்த்தவர். அவரே மாமிசத்தைத் தத்துவமாக்கி நழுவிக்கொள்ளவில்லை. அது இறைச்சிதான், சிவனுக்குப் பிடித்தது என்று எழுதினார். இந்தத் துணிச்சல் பட்டணத்துப் பெரிய மனிதருக்கு ஏன் இல்லை?

திருவிளையாடலில் சிவனே வலை வீசுகிறார். அங்கே எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. வேதப்பொருளைக் கவனியாத பார்வதிக்குச் சாபம், மீனவப் பெண்ணாகப் பிறப்பது! மீனவப் பெண்ணாகப் பிறப்பது தண்டனை என்கிற எண்ணம் அப்போதே யார் தலையிலோ இருந்திருக்கிறது. 1965-இல் அந்தக் கதை சினிமாவாக வந்தபோது குப்பத்து ஜனங்கள் சாபத்தை மறந்துவிட்டு, சிவாஜி கணேசன் செம்படவனாக வந்து நின்ற நடையையே நினைவில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி.

கீதையில் பகவான் இலை, பூ, பழம், தண்ணீர் என்றுதானே கேட்டார், மீனைக் கேட்டாரா என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கேட்டதைச் சரியாகப் படிக்க வேண்டும். ஒன்றுமில்லாதவனும் கொடுக்கக் கூடியதைக் கொடுத்தால் போதும் என்கிற கருணை அது. ஏரிக்கரையில் பழத்துக்குப் பொன்னேரிச் சந்தைக்குப் போக வேண்டும். மீன் வாசலில் கிடைக்கிறது. வனவாசத்தில் தகப்பன் செத்த செய்தி கேட்ட ராமன் காட்டுக் கொட்டையின் பிண்ணாக்கைத்தான் பிண்டமாக வைத்தான். நாங்கள் தின்பதைத்தான் எங்கள் தேவதைகளும் தின்ன வேண்டும் என்பது அவன் சொன்ன நியாயம். கண்ணூர்ப் பக்கம் பரசினிக்கடவில் முத்தப்பனுக்குத் தினந்தோறும் கள்ளும் உணக்கமீனும் வைக்கிறார்கள். சகல ஜாதியும் வரிசையில் நிற்கிறது. வங்காளத்தில் காளிக்கு மீன் படைக்கிறார்கள், பிராமணர்களே படைக்கிறார்கள். நம் ராஜ்யத்திலோ கோயில் பலியைத் தடுக்க 1950-இலேயே ஒரு சட்டம் போட்டு, தூங்கிக் கிடந்த அதை 2003-இல் எழுப்பிக் கிராமக் கோயில்களின் மேல் ஏவினார்கள். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை; 2004-இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். சட்டத்தால் ஆகாததை இப்போது இனாம் புத்தகத்தால் சாதிக்கப் பார்க்கிறார்கள்.

நான் தத்துவத்தின் விரோதி அல்ல. திருமூலர் உள்ளத்தைக் கருவறையாகவும் உடம்பை ஆலயமாகவும் கண்டார். சிவவாக்கியர் நட்ட கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அவர்கள் உருவகம் சொன்னது வாசலைத் திறந்து ஜனங்களை வெளியே கூட்டிக்கொண்டு போவதற்கு. இவர்கள் உருவகம் சொல்வது வாசலில் காவல் நிற்பதற்கு. ஓடு ஆணவம் என்றால், அந்த ஆணவத்தை உடைத்தவர் ஏன் ஒரு மீன் கூடையைக் கண்டு ஒதுங்குகிறார்?

தீர்த்தத்தின் மகிமைக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுதாக இருக்கிறது. தண்ணீர் சகல பாவத்தையும் போக்குகிறதாம். 2023 டிசம்பரில், புயலும் வெள்ளமும் வந்த கையோடு, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து பரவிற்று. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு வெறுங்கையால் அதை அள்ளினார்கள். படகும் வலையும் கறுத்துப் போயின. எண்ணூர் பழவேற்காட்டுக்குத் தெற்கே கூப்பிடு தூரம். பக்கிங்ஹாம் கால்வாய் இரண்டையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஏரியின் முகத்துவாரமோ மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் போனால் இறாலும் வருவதில்லை. தீர்த்தத்துக்கு அர்த்தம் சொல்கிறவர்களில் ஒருவராவது அந்தத் தண்ணீருக்காக வாய் திறந்து நான் கேட்டதில்லை. தண்ணீர் வெறும் அடையாளம் என்று ஆகிவிட்டால் அது எப்படிப் போனால் என்ன? விருந்தாளிக்குக் கொடுக்கிற தண்ணீர் என்று நினைக்கிறவனுக்குத்தான் அது கெட்டுப்போனால் வயிறு எரியும்.

திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். குப்பத்து ஜனங்கள் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு எதிர்கொள்கிறார்கள். தங்கள் குலத்துப் பெண்ணைக் கட்டியவர் என்பது அவர்கள் கணக்கு. ஆழ்வார்கள் பாடிய பெருமாள், நூற்றெட்டுத் திருப்பதியில் ஒருவர், கடற்கரை மணலில் மாப்பிள்ளை முறுக்கோடு பல்லக்கில் வருகிறார்! அன்றைக்குக் காற்றில் மீன் வாடை இல்லாமலா இருக்கும்? பெருமாள் திரும்பிப் போய்விடவில்லை. வருஷா வருஷம் வருகிறார்.

சுத்தம் வேண்டாமா என்று கடைசியாகக் கேட்பார்கள். வேண்டும். குப்பத்துப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை. ஏலமும் விற்பனையும் முடிந்து வந்ததும் அவள் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். ஏரித் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உபசாரம் பதினாறில் உட்காரச் சொன்ன உடனே வருவது கால் கழுவத் தண்ணீர். கோபுரத்துக்குச் செலவு செய்த பெரிய மனிதர், அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, அதே சுவரில் வாசல் பக்கமாக ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் போடலாம். கூடை வைக்க ஒரு திண்ணை கட்டலாம். நடையையும் உச்சிவேளைக்குச் சாத்தாமல், மீன் விற்கப் போன பெண்கள் திரும்பி வரும்வரை திறந்து வைக்கச் சொல்லலாம். அதுவரை அர்ச்சகர் பசியோடு இருக்க வேண்டுமா என்று கவலைப்பட வேண்டாம். அந்தப் பெண்களே சோறு போடுவார்கள். குழம்பு ஆகாதென்றால், அவருக்கென்று தனியாக ரசம் வைத்துப் போடுவார்கள்.